பிரிட்ஜ் கதவில் ஆட்டு மணி

மின்சாரத்தைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவரும் பழவேற்காட்டில் பிறந்தார். ஊர் முழுக்க அவருக்குக் கரண்ட் பாய் என்றுதான் பெயர். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். எந்த வீட்டில் விளக்கு மங்கினாலும் வருவார், ஸ்டூலில் ஏறுவார், ஒயரின் முனையைப் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார். "நூத்தியெழுபது வோல்ட் கீது" என்பார். பொன்னேரியிலிருந்து வந்த லைன்மேன் ஒருவர் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு நூற்றறுபத்தெட்டு என்று சொன்னாராம். மீட்டரை ரிப்பேருக்குக் கொடுக்கும்படி பாய் அவருக்கு புத்திமதி சொல்லி அனுப்பினார்.

அவரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதலாம்தான். ஆனால் பாதியில் நான் வந்துவிடுவேன். நான் வருகிற இடத்தில் சிரிப்பு கொஞ்சம் சிரமம். இத்தனை வருஷம் தள்ளிப்போட்டதற்கும் அதுதான் காரணம்.

எண்பதுகளின் தொடக்கம். நான் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் நடமாடும் வேனில் கம்பவுண்டர். வெளிநாட்டுக்காரர் யாரோ ஊர் சுற்றிப் பார்க்கக் கொண்டுவந்து, சுற்றி முடித்ததும் தானமாகக் கொடுத்துவிட்டுப் போன வண்டி அது. உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவத் தொட்டி, ஜன்னலுக்குத் திரை, ஒரு குட்டி பிரிட்ஜ் எல்லாம் உண்டு. சக்கரத்தின் மேல் ஒரு வீட்டையே வைத்திருந்தார்கள். அதை ஏரிக்கு அக்கரையில் மின்சாரம் எட்டிப் பார்க்காத ஒரு மீனவக் குப்பத்துக்கு, ஏரியைச் சுற்றி மணல் பாதையில் ஓட்டிக்கொண்டு போனோம். போய்ச் சேர்ந்த அன்றே பின்சக்கரம் இரண்டும் மணலில் இறங்கிவிட்டன. நடமாடும் ஆஸ்பத்திரி அன்றோடு நடமாடுவதை நிறுத்திக்கொண்டது. டாக்டரம்மா செவ்வாயும் சனியும் படகில் வருவார். மற்ற நாட்களில் வேனும் நானும்தான்.

வேனின் உயிர் அந்தக் குட்டி பிரிட்ஜில் இருந்தது. பாம்புக்கடி மருந்து, நாய்க்கடி ஊசி, எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தைகளுக்கான போலியோ சொட்டு மருந்து. கெட்டுப்போனால் தூக்கிப் போட வேண்டியதுதான். பிரிட்ஜோ கேஸில் ஓடுகிற சாதி. பின்னால் சின்னதாக நெருப்பு எரியும், முன்னால் குளிரும். நெருப்பு மூட்டினால் எப்படிச் சில்லென்று ஆகும் என்று பக்கத்துக் குடிசை எல்லப்பன் கேட்டான். எனக்கும் தெரியாததால், அதெல்லாம் படித்தால்தான் விளங்கும் என்று சொல்லிவைத்தேன். எல்லப்பனுடைய மூத்த பையனுக்கு ஒரு கால் சூம்பியிருந்தது. இப்போது கைக்குழந்தையாக ஒரு பெண். சொட்டு மருந்து என்றைக்கு, என்றைக்கு என்று தினமும் வந்து கேட்பவன் அவன்தான்.

நெருப்பு எரிந்தது, குளிரவில்லை. காற்று அடித்தால் நெருப்பும் அணைந்தது. பழவேற்காட்டிலிருந்து கரண்ட் பாயை வரவழைத்தோம். வந்தவர் கருவியெல்லாம் எடுக்கவில்லை. ஒரு டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றி பிரிட்ஜ் தலைமேல் வைத்தார். தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. இந்தச் சாதிப் பெட்டி மட்டமாக நின்றால்தான் வேலை செய்யும், உங்கள் வண்டியோ மணலில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது என்றார். செங்கல் கொடுத்து நிமிர்த்தினோம். இரண்டு நாளில் செங்கல்லோடு சேர்ந்து மறுபடியும் இறங்கியது. மூன்று தரம் நிமிர்த்திப் பார்த்துவிட்டுப் பாய் தீர்ப்புச் சொன்னார்.

"இது ஊர் சுத்தறவங்க பொட்டி. நமக்குத் தோதுப்படாது. வூட்டுப் பொட்டி ஒண்ணு வெச்சுக்கலாம்."

குப்பத்தில் மின்சாரமே கிடையாதே என்றேன். அதைப் பற்றி உன்னை யார் கேட்டது என்கிற மாதிரி பார்த்தார்.

பழவேற்காட்டில் ஒரு பெரிய வீட்டில், சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்த வெள்ளை பிரிட்ஜ் ஒன்று இருந்தது. அந்தத் தெருக்கோடிக்கு வருகிற மின்சாரத்தில் அது இரண்டு முறை முனகிவிட்டுப் படுத்துவிடும். ஆகவே அந்த வீட்டம்மா அதில் பெருநாள் துணிமணிகளை அடுக்கி வைத்திருந்தார். பூச்சி அரிக்காத பீரோ என்று அவருக்கு அதன்மேல் ரொம்பப் பிரியம். பாய் மூன்று நாள் போய் உட்கார்ந்து, பச்சைக் குழந்தைகள் கதையெல்லாம் சொல்லி, அவரை அழவைத்து வாங்கிவிட்டார். பதிலுக்கு ஒரு மர பீரோவைத் தம்முடைய வீட்டிலிருந்து தூக்கிக் கொடுத்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அது ஏரியைக் கடந்து வந்த காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். படுக்க வைத்தால் மோட்டாரின் எண்ணெய் கண்ட இடத்துக்கு ஓடிவிடும் என்பதால் நிற்கவைத்துத்தான் கொண்டுவர வேண்டும் என்பது பாயின் கட்டளை. படகின் நடுவில் வெள்ளையாக அது நிற்க, நாலு பேர் நாலு பக்கமும் கட்டிப் பிடித்துக்கொள்ள, பாய் முன்னால் நின்றுகொண்டு ஓடம் தள்ளுகிறவரைத் திட்டிக்கொண்டே வந்தார். கரையில் பெண்கள் குலவையிட்டு வரவேற்றார்கள். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அந்தக் குப்பத்தில் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை.

இறக்கியதும் நான் சுவிட்சைத் தேடினேன். பாய் என் கையைத் தட்டிவிட்டார். படகில் ஆடி ஆடி வந்ததில் அதற்குத் தலை சுற்றும், விடியும்வரை சும்மா நிற்கட்டும் என்றார். அடுத்த நாள் வேனுக்குள் ஏற்றப் பார்த்தால் கதவு கொள்ளவில்லை. கதவை அளந்த பாய் பிரிட்ஜை அளக்க மறந்திருந்தார். இதை ஒப்புக்கொள்ளாமல், வெளிநாட்டுக்காரன் கதவைத் தப்பாக வைத்துவிட்டான் என்று சாதித்தார். பின்பக்க ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து அந்த வழியாக ஏற்றினோம். உள்ளே இடம் போதவில்லை. என்னுடைய கட்டில் வெளியே போயிற்று. அன்றிலிருந்து நான் தரையில், பிரிட்ஜின் காலடியில் படுத்தேன். அந்தப் பெட்டி எனக்குக் கடன்பட்டிருக்கிறது என்று அன்றைக்கே மனசுக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் விதை.

மின்சாரத்துக்குப் பாய் செய்த ஏற்பாடு இதுதான். இரண்டு லாரி பேட்டரி வேனில் இருக்கும். இன்னும் இரண்டு பழவேற்காட்டில் அவர் கடையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். தினமும் படகில் காலியானது போக வேண்டும், ஏறினது வர வேண்டும். பேட்டரி கரண்டை வீட்டு கரண்டாக மாற்ற ஒரு தகரப் பெட்டி. அதையும் அவரே செய்தார். அது நாள் முழுக்கப் பூனை மாதிரி முனகிக்கொண்டே இருக்கும்.

தினமும் படகு விடுவது யார்? இங்கேதான் குப்பத்துக்காரர்கள் தங்கள் வழியில் யோசித்தார்கள். ஏரியில் எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை போடுவது என்பதற்கு அவர்களுக்குள் முறை உண்டு. பாடு என்பார்கள். இன்றைக்கு உன் பாடு என்றால் உன் பாடுதான், வேறு எவனும் அந்த இடத்தில் வலையை நனைக்க மாட்டான். அதே மாதிரி பேட்டரிக்கும் வீட்டுக்கு வீடு பாடு போட்டுவிட்டார்கள். பேட்டரிப் பாட்டைத் தவறவிட்டவனுக்கு அந்தப் பருவம் முழுக்க வலைப் பாடு கிடையாது என்று முடிவாயிற்று. வலைப் பாடு போனால் அந்த வீட்டில் உலை ஏறாது. அதனால் பேட்டரி ஒரு நாள்கூடத் தவறவில்லை.

பாய்க்கும் சட்டங்கள் இருந்தன. உள்ளே குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகு இரண்டாம் நம்பரைத் தாண்டக் கூடாது. காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, அவ்வளவுதான் கதவு திறக்கலாம். வெயில் ஏறினால் வேன் கூரையில் ஈரச் சாக்கு போட வேண்டும். இந்தக் கணக்குப்படி நடந்தால் பேட்டரி மறுநாள் காலைவரை தாங்கும், கூட ஒரு மணி நேரம்கூடத் தாங்கும் என்றார். என்மேல் நம்பிக்கை இல்லாமலோ என்னவோ, பிரிட்ஜ் கதவில் ஓர் ஆட்டு மணியைக் கட்டினார். கதவைத் திறந்தால் குப்பத்துக்கே கேட்கும். கட்டி முடித்துவிட்டு, எல்லார் முன்னாலும் சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை உயர்த்திக் காட்டினார்.

"இந்தப் பொட்டி என் கணக்குல தவறி நின்னுதுன்னா, இத்த ஏரில போட்டுட்டு நான் மீன் விக்கப் போறேன்."

நிற்கவில்லை. ஒன்றரை மாதம் ஓடியது. உள்ளே கையை விட்டால் சில்லென்று இருந்தது. பாய் தினமும் காலைப் படகில் வந்து, பேட்டரி தண்ணீரைச் சோதித்து, பிரிட்ஜின் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்.

இனி நான்.

நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவன். அந்த மணல்மேட்டு வெயிலில் வேனுக்குள் மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்து பார்த்தால் என் கஷ்டம் தெரியும். முதலில் ஒரே ஒரு டம்ளர் தண்ணீர்தான் வைத்தேன். மணி அடித்து எல்லப்பன் பெண்டாட்டி எட்டிப் பார்த்தாள். மருந்து சரிபார்க்கிறேன் என்றேன். அடுத்த நாள் ஆஸ்பத்திரிப் பஞ்சை ஒரு பிடி எடுத்து மணிக்குள் அடைத்தேன். சத்தம் போயிற்று, கூடவே என் பயமும் போயிற்று. டம்ளர் சொம்பானது. சொம்புக்குப் பிறகு நுங்கு வந்தது. இரண்டாம் நம்பரில் ஐஸ் கட்டவில்லை. மூன்றுக்குத் திருகினேன், அப்புறம் நாலுக்கு. சாயங்காலம் இரண்டுக்குத் திருப்பிவைத்துப் பஞ்சையும் எடுத்துவிடுவேன். திருட்டு ஐஸுக்கு ஒரு தனி ருசி இருக்கிறது என்பதை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

சொட்டு மருந்து நாள் ஒரு சனிக்கிழமை என்று குறித்தார்கள். ஏரியைச் சுற்றி ஐந்து குப்பங்களுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. வெள்ளிக்கிழமை பாய் ஜும்மாவுக்காகச் சீக்கிரமே படகேறிவிட்டார். அன்றைய பேட்டரிப் பாடு எல்லப்பனுடையது. காலையிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டான். வெயில் அன்றைக்குக் கொளுத்தியது. நான் பஞ்சை அடைத்தேன், பெரிய தூக்கு ஒன்றில் தண்ணீர் வைத்தேன், திருகை ஏழுக்குத் தள்ளினேன். அரை மணிக்கு ஒரு தரம் திறந்து ஐஸ் கட்டியதா என்று பார்த்தேன். பார்த்துப் பார்த்துக் களைத்துத் தூங்கிவிட்டேன். விழித்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தூக்கு முழுக்க ஐஸ். ஆசை தீரத் தின்றேன். திருகை இரண்டுக்கு வைத்தேன். பஞ்சை மறந்தேன்.

காலையில் தகரப் பெட்டி முனகவில்லை.

எட்டு மணிக்கெல்லாம் கரையில் படகு படகாகத் தாய்மார்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. சுண்ணாம்புக்குளம் பக்கத்திலிருந்துகூட வந்திருந்தார்கள். டாக்டரம்மா குடை பிடித்துக்கொண்டு இறங்கினார், பின்னாலேயே பாய். பாய்தான் பிரிட்ஜ் கதவைத் திறந்தார். மணி அடிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பஞ்சு ஞாபகம் வந்தது. அத்தனை குழந்தைகள் அழுகிற இரைச்சலில் மணி அடிக்காதது யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். டாக்டரம்மா உள்ளேயிருந்த தெர்மாமீட்டரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம் மருந்துச் சீசாவைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இதைக் கொடுப்பதும் கொடுக்காததும் ஒன்று, எல்லாரையும் அனுப்பிவிடுங்கள் என்றார்.

தாய்மார்கள் பிள்ளைகளை மறுபடியும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு கரைக்கு நடந்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வந்த படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எல்லப்பன் பெண்டாட்டி மட்டும் குழந்தையை வைத்துக்கொண்டு வேன் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

படகுகள் போனதும் குப்பத்துப் பெரியவர்கள் கரையில் கூடினார்கள். பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. கொண்டுவந்தவன் எல்லப்பன். சார்ஜ் ஏறாத பேட்டரியை மாற்றி எடுத்துவந்தானா, வழியில் உப்புத் தண்ணீர் பட விட்டானா என்று கேள்வி ஆரம்பித்தது. அவன் எழுந்து முன்னால் வந்தான். லுங்கியை விரித்துக் காட்டினான். தொடைப் பக்கம் பூராவும் பொட்டுப் பொட்டாக ஓட்டை, பேட்டரி ஆசிட் அரித்த ஓட்டை. படகில் அலை தெறிக்குமென்று அவ்வளவு கனத்தையும் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"எங்கொயந்த மருந்துய்யா," என்றான். "நான் எப்படி வுடுவேன்?"

நியாயம் வேறு, முறை வேறு. அன்று அவன் பாடு, பேட்டரி தவறியிருக்கிறது. வலைப் பாட்டை நிறுத்துவது என்று ஒரு பெரியவர் சொல்லத் தொடங்கினார். நான் சொல்லிவிட வேண்டியது ஒரே வார்த்தை. வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். இருமல்தான் வந்தது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான் மறுபடியும் இருமினேன்.

பாய் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பெரியவர்கள் பக்கம் திரும்பினார்.

"எல்லப்பன் மேல தப்பு இல்ல. பேட்டரிய நான்தான் ஏத்திக் குடுத்தேன், நல்லா ஏறின பேட்டரி. என் கணக்கு தப்பாப்பூட்ச்சு."

எல்லப்பனின் வலைப் பாடு தப்பியது. பாய் சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். முழங்கால் தண்ணீர்வரை நடந்து போய், கையை ஓங்கி வீசினார். அது போய் விழுந்த இடமும் இடுப்பளவுத் தண்ணீர்தான். எல்லப்பன் லுங்கியை மடித்துக் கட்டக்கூட இல்லை, அப்படியே போய்க் காலால் துழாவி, அரை மணியில் அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். பாய் தொட மறுத்துவிட்டார். சொன்னால் சொன்னதுதான் என்று படகேறிப் போனார்.

மறுநாளிலிருந்து நிஜமாகவே மீன் விற்றார். கடையில் எங்கள் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை. ஐயோ, அந்தக் கூத்தை என்ன சொல்ல. கூடையைத் தலையில் வைக்கத் தெரியாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தார். மடவை எது, கெளுத்தி எது என்று வாங்க வந்த பெண்கள் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். யாராவது பேரம் பேசினால், உங்கள் வீட்டு ரேடியோ இப்போது எப்படிப் பாடுகிறது என்று விசாரித்துக்கொண்டு மீனை மறந்துவிடுவார். ஊரில் பேரும் மாறிவிட்டது. தெருப் பிள்ளைகள் தப்புக் கணக்குப் பாய் என்று கூப்பிட்டார்கள், அவரும் என்னப்பா என்று திரும்பினார். ஒரு மாதம் கழித்து, பழவேற்காட்டில் பாதி வீடு இருட்டாகிவிட்ட பிறகு, எல்லப்பன் அந்த ஸ்க்ரூ டிரைவரைத் துரு தேய்த்து எண்ணெய் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவன் கையால் கொடுத்ததால் வாங்கிக்கொண்டார். பேர் மட்டும் திரும்பவில்லை.

சொட்டு மருந்தை அடுத்த வாரமே டாக்டரம்மா பொன்னேரியிலிருந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டார். எல்லப்பனின் பெண்ணுக்குத்தான் முதல் சொட்டு. அதற்குப் பிறகு நான் அந்தத் திருகைத் தொடவே இல்லை. பிரிட்ஜ் அதே இரண்டாம் நம்பரில், அதே பேட்டரியில், பாயின் அதே தப்புக் கணக்கில், நான் அங்கே இருந்த மூன்று வருஷமும் ஒரு நாள்கூட நிற்காமல் ஓடியது. கணக்கு சரி என்று தினமும் காலையில் அது சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டவன் நான் ஒருவன்தான். ஆட்டு மணியை மட்டும் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு காணவில்லை. எங்கேயோ விழுந்துவிட்டது, தொலையட்டும் என்று நிம்மதியாக இருந்தேன். என் புத்தி அப்படி.

மாற்றல் வந்தது, போய்விட்டேன். நாலைந்து வருஷம் கழித்து ஆரம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவன், கால் போன போக்கில் வந்தேன் என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டு பழவேற்காட்டில் பாயின் கடை வாசலில் போய் நின்றேன். தாடி வெளுத்திருந்தது. சட்டைப் பையில் அந்த ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

"வா கம்பவுண்டரே," என்றார், நேற்றுப் பார்த்துப் பிரிந்தவர் மாதிரி. உட்காரச் சொன்னார். வெயிலில் வந்திருக்கிறாய், சர்பத் குடி என்று கடை மூலையிலிருந்த பிரிட்ஜ் கதவைத் திறந்தார்.

மணி அடித்தது. அதே ஆட்டு மணி.

என் முகம் போன போக்கை அவர் பார்த்திருக்க முடியாது, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"பஞ்ச எடுத்துட்டேன்," என்றார் திரும்பாமலே.

பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. எப்போது தெரியும் என்று கேட்டேன். அன்றைக்கே தெரியும் என்றார். கதவைத் திறந்தார், சத்தம் வரவில்லை, விரலை விட்டுப் பார்த்தார், ஆஸ்பத்திரிப் பஞ்சு. குப்பத்தில் வேறு யாரிடம் அது இருக்கும்?

"அப்பவே சொல்லியிருக்கலாமே பாய்."

"நீ சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் வரும் என்று காத்திருந்த மாதிரி சொன்னார்.

"உங்க கணக்கு சரிதான் பாய்," என்றேன். எத்தனையோ வருஷமாகத் தொண்டையில் நின்றது அது ஒன்றுதான்.

"அது எனக்குத் தெரியாதா?"

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். பாழாய்ப்போன இருமல், அன்றைக்கு வந்த மாதிரியே வந்து நின்றது. பாய் சர்பத் டம்ளரோடு திரும்பி என்னைப் பார்த்தார்.

"இருமலு இன்னும் வுடலையா உன்ன?" என்றார். இருமல்காரனுக்கு ஐஸ் ஆகாது என்று முணுமுணுத்துக்கொண்டே, எனக்கு மட்டும் இரண்டு கட்டி கூடப் போட்டார்.